கந்தக பூமியில் மருத்துவத் தொண்டு: ஒரு வரலாற்றுப் பார்வை

சிவகாசியையும் அதனைச் சுற்றியுள்ள சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களையும் கந்தக பூமி என்று அழைப்பது நம் மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. மழை குறைந்த, வானம் பார்த்த மண் இது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும், 1940 ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வந்த பின்னர் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளும், அவற்றின் உறைகளையும் சுவரொட்டிகளையும் அச்சிடும் அச்சகங்களும் பெருகின. வேளாண்மைக்குப் பகையாக இருந்த வெயிலே மருந்து காயவைப்போருக்கு மூலதனமாயிற்று. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பகுதி இங்கிருந்துதான் செல்கிறது.

நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அத்தொழிலின் வரலாறு அன்று. ஆலையில் விபத்து நேரும்போது, தீயணைப்பு வண்டியும் மருத்துவரும் வந்து சேருமுன் முதலில் ஓடி வருகின்ற மனிதர்களின் வரலாற்றையே எழுத விழைகிறோம். நாளேடுகளில் "அக்கம்பக்கத்தினர் மீட்டு மருத்துவமனைக்கு அனுப்பினர்" என்ற ஒற்றை வரியோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரிக்குள் இருப்பது என்ன, அதில் எவ்வளவு நன்மை விளைந்தது, எவ்வளவு உயிர் வீணாயிற்று என்பதை நம் ஜமாஅத்தார் அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது நோக்கம்.

முதலிப்பட்டி

2012 செப்டம்பர் 5 ஆம் நாள், புதன்கிழமை. தீபாவளிக்கு ஏறத்தாழப் பத்து வாரங்களே எஞ்சியிருந்தன. ஆலைகளில் வேலை உச்சத்தில் இருக்கும் பருவம். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் இருந்த ஆலையொன்றில் நண்பகல் வேளையில் வெடி விபத்து நேர்ந்தது. உயிரிழந்தோர் எண்ணிக்கை நாற்பதை நெருங்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நம் மாவட்டம் கண்ட மிகக் கொடிய பட்டாசு விபத்துகளுள் ஒன்று அது.

அதைவிடக் கொடிய செய்தி ஒன்று அடுத்த நாளிலேயே தெரியவந்தது. மாண்டவர்களில் கணிசமானோர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். சிலர் வேடிக்கை பார்க்க வந்திருக்கலாம். ஆயினும் உள்ளே சிக்கியிருப்போரைத் தூக்கி வரவேண்டும் என்று வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். முதல் தீ ஓரளவு அடங்கியது போலத் தோன்றிய வேளையில் அடுத்த வெடிப்பு நிகழ்ந்தது. அதிலேதான் அவர்கள் அகப்பட்டனர்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். பட்டாசு ஆலை என்பது ஒரே கட்டடம் அன்று. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, திரி வைக்கும் அறை, முடிந்த சரக்கை வைக்கும் இருப்பறை எனத் தனித்தனியே சிறு சிறு அறைகள், இடையில் வெற்று நிலம் விட்டுக் கட்டப்பட்டிருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் அமரக்கூடாது என்பதும், அன்றன்று தேவைப்படும் மருந்தை மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஓர் அறை வெடித்தால் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதே அந்த வெற்று நிலத்தின் பொருள். பருவ காலத்து அவசரத்தில் அறைகளுக்கு வெளியிலும் மரத்தடியிலும் வேலை நடந்து, முடிந்த சரக்கும் முடியாத சரக்கும் இடைவெளிகளில் குவிந்துவிட்டால், அந்த வெற்று நிலமே ஒரு திரியாக மாறிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் அறை எரிவது தெரியும். அந்தத் தீ எந்த வழியாக, எந்த இருப்பறையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்பது தெரியாது. அலுமினியப் பொடி கலந்த மருந்து தீப்பற்றிய இடத்தில் தண்ணீரை வாரி இறைப்பதும் ஆபத்தையே பெருக்கும்.

இரக்கம் மட்டும் போதாது என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் முதலிப்பட்டியில் இரக்கத்தோடு ஓடியவர்களுக்கு நின்று பார்க்கும் பயிற்சி யாராலும் அளிக்கப்பட்டிருக்கவில்லை. அவர்கள் செய்தது வீரம், அதில் ஐயமில்லை. அந்த வீரர்களை நாம் இழந்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை.

தொண்டு ஓர் அமைப்பான கதை

காயமுற்றோரை யார் எனப் பாராமல் கவனிக்கும் வழக்கம் மனித வரலாற்றில் புதியதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைக்கப்பட்டதையும், அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்கள் அங்கே காயமுற்றோரைப் பராமரித்ததையும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. பள்ளிவாசலின் வளாகத்திலேயே சிகிச்சை நடந்தது என்பதை நம் ஜமாஅத்தார் நினைவிற் கொள்ளல் தகும்.

நவீன காலத்தில் இது ஓர் அமைப்பாக உருவானதற்கு இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களம் காரணமாயிற்று. 1859 ஜூன் 24 அன்று நடந்த அப்போரில் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரற்றுக் கிடந்ததை ஹென்றி டூனான் என்ற சுவிட்சர்லாந்து வணிகர் கண்டார். அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரின் பெண்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று கேளாமல் காயங்களைக் கழுவினர். அவர் அங்கே கண்ட பெருங்குறை ஒன்று உண்டு: மனமிருந்தது, முன்னேற்பாடு இல்லை. அதிலிருந்தே 1863 இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

நம்மவர் பங்கும் இதில் சிறிதன்று. 1899 இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அவ்வாறு சென்ற கூலிகளில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறியவர்கள் என்பதை நோக்கினால், காயமுற்றோரைத் தூக்குக்கட்டிலில் சுமந்து நாளொன்றுக்கு இருபது மைல் அளவும் நடந்த அத்தோள்களில் தமிழ்த் தோள்கள் எத்தனை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வரலாற்று நூல்களில் காந்தியடிகளின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. பால்கன் போரின்போது, 1912 டிசம்பரில், டாக்டர் எம்.ஏ. அன்ஸாரி அவர்களின் தலைமையில் இந்திய முஸ்லிம்களின் மருத்துவக் குழு துருக்கி சென்றது. மருத்துவர்களோடு தொண்டர்களும் சென்ற அப்பயணத்திற்கு மக்கள் திரட்டிய நிதி உதவியது.

சட்டங்கள் வந்த வழி

நம் மாவட்டத்திற்குத் திரும்புவோம். முதலிப்பட்டிக்கு முன்னரே 1991 இல் சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் நிகழ்ந்த ஆலை விபத்தில் 39 பேர் மாண்டதாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அதனைத் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டது. குழந்தைத் தொழில் பற்றிய புகழ்பெற்ற எம்.சி. மேத்தா வழக்கின் 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் இந்த விபத்தும் குறிப்பிடப்படுகிறது. குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்ற கட்டளை வந்தது அத்தீர்ப்பில்தான்.

அந்நாட்களில் காயமுற்றவரைத் தூக்கிச் செல்வோருக்கு இருந்த பேரச்சம் காவல்துறை விசாரணை. இது போலீஸ் வழக்கு, முதலில் புகார் எழுதி வாருங்கள் என்று மருத்துவமனை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் நாடெங்கும் ஏராளம். 1989 ஆகஸ்ட் 28 அன்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உயிர் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னரே, அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் இது பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதனை நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். மருத்துவமனை வாயிலில் வாதாட நேர்ந்தால் கைகொடுக்கும்.

இரத்தம் பற்றிய மாற்றமும் நீதிமன்றத்தின் வழியே வந்ததுதான். பணத்திற்கு இரத்தம் விற்போர் முறையை ஒழிக்குமாறு 1996 இல் கட்டளை பிறந்தது. 1998 ஜனவரி 1 முதல் அம்முறை தடை செய்யப்பட்டது. அதன்பின் இரத்த வங்கிகள் தன்னார்வக் கொடையாளரையும் நோயாளியின் உறவினரையுமே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. தமிழகமெங்கும் இளைஞர் மன்றங்கள், இரசிகர் மன்றங்கள், முஸ்லிம் இயக்கங்கள் எனப் பலரும் இரத்ததான முகாம்களில் இறங்கியதற்கு இந்தப் பின்னணியும் உண்டு. 2008 செப்டம்பர் 15 அன்று 108 அவசர ஊர்தித் திட்டம் தமிழகத்தில் தொடங்கியது. அதற்கு முன்னர் வாடகை வண்டியோ, சரக்கு ஆட்டோவோ, கிடைத்த லாரியோதான் ஆம்புலன்ஸ்.

கடற்கரையில் ஒரு பாடம்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். நாகூர் தர்கா வளாகம் வீடிழந்தோருக்குப் புகலிடமாயிற்று. மாண்டோர் பலரை, அவர் எம்மதத்தவர் என்று பாராமல், தர்காவுக்குரிய நிலத்தில் அடக்கம் செய்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சுற்றியிருந்த மீனவ கிராமத்து மக்களுக்கு உணவளித்துப் பராமரித்தது தமிழகம் அறிந்த செய்தி. முஸ்லிம் இளைஞர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அழுகத் தொடங்கிய உடல்களை மீட்டெடுத்தனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் அவரவர் மத முறைப்படி அடக்கமும் தகனமும் செய்து கொடுத்ததற்கும் இதுவே முன்மாதிரி எனலாம்.

இத்தகைய பணியில் ஜமாஅத்துகள் விரைந்து செயற்பட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நள்ளிரவில் ஒரு மரணம் நிகழ்ந்தாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். குளிப்பாட்டுபவர் யார், கப்ரு வெட்டுபவர் யார், ஸந்தூக்கு எங்கே, கபன் துணி யாரிடம், செலவுக்குப் பைத்துல்மாலில் எவ்வளவு என்பதெல்லாம் யாரும் கேட்காமலே நடக்கும். கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு இது நடப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு மஹல்லாவிலும் ஊறிப்போன ஓர் அவசர அமைப்பு இது. நம்மிடம் இறந்தோர்க்காக ஏற்பட்ட இந்த ஒழுங்கை, உயிருக்குப் போராடுவோர்க்கும் பயன்படுமாறு விரித்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது கருத்து.

தீக்காயமும் நேரக் கணக்கும்

தீக்காயத்திற்கு முதல் மருந்து தண்ணீர். ஓடும் குளிர்ந்த நீரில், பனிக்கட்டி நீரில் அன்று, இருபது நிமிடம் காட்டவேண்டும். தண்ணீர் அரிது என்பதாலேயே இத்தொழில் தழைத்த மண்ணில், தண்ணீரே முதல் மருந்தாக இருப்பதை எண்ணிப் பார்க்கையில் வேதனையே மிஞ்சுகிறது. உடலில் மருந்துப் பொடி ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகே நீர் ஊற்றவேண்டும். மையை ஊற்றுவது, தோசை மாவு பூசுவது, பற்பசை தடவுவது ஆகிய பழக்கங்கள் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. இவற்றை மருத்துவர் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. ஒட்டிக்கொண்ட ஆடையைப் பிய்க்கக்கூடாது. உடல் வீங்குமுன் வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஆலைகளில் பெண்களே மிகுதி என்பதால் இது முக்கியம். உடலின் பெரும் பகுதி வெந்தவரை நீண்ட நேரம் நனைத்தால் குளிரில் விறைத்துப்போவார். அவரைத் தூய வெள்ளைத் துணியால் மூடி விரைந்து அனுப்புதலே சரி.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. வெந்த உடலிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால் இரத்த ஓட்டம் தளர்ந்து, சிறுநீரகம் செயலிழக்கும். அதனை ஈடுசெய்ய நரம்பின் வழியே திரவம் ஏற்றுவார்கள். நோயாளியின் உடல் எடையையும் வெந்த பரப்பின் விழுக்காட்டையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கினால் வருவது முதல் நாளுக்குரிய மில்லி லிட்டர். நோயாளியின் விரல்கள் உள்ளிட்ட உள்ளங்கை அளவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 விழுக்காடு வெந்திருந்தால் 8 லிட்டர் தேவை. அதில் பாதியான 4 லிட்டர் முதல் எட்டு மணி நேரத்திற்குள் ஏறவேண்டும். இந்த எட்டு மணி நேரம் மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை; தீப்பட்ட நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. வழியில் இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டால் அந்த 4 லிட்டரும் எஞ்சிய ஆறு மணியில் ஏறவேண்டும். ஆகவே விபத்து நேர்ந்த மணியையும், தெரிந்தால் பெயரையும் ஊரையும், ஒரு தாளில் எழுதி நோயாளியோடு அனுப்பும் தொண்டர், படிக்காதவராயினும் பிறரைக் கொண்டு எழுதச் செய்பவராயினும், பெருந்தொண்டு செய்தவராகிறார். பெயர் தெரியாமல் மூன்று மருத்துவமனைகளில் உறவினர் அலைவதும் அதனால் தவிர்க்கப்படும்.

தீ மட்டுமே கொல்வதில்லை. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகரிலேயே பட்டாசுக் கிடங்கொன்றில் சரக்கு ஏற்றும்போது தீப்பற்றியது. அடுத்திருந்த ஸ்கேன் மையத்தில் இருந்தோர் புகையில் சிக்கினர். எட்டுப் பேருக்குக் குறையாமல் அவ்விபத்தில் மாண்டனர். உடலில் காயமே இல்லாதவரும் புகை உள்ளே சென்றிருந்தால் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறி வீழலாம். எனவே குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் விட்டுவிடக்கூடாது.

இரத்தம் கொடுக்க விரும்புவோர்க்கும் ஒரு செய்தி. விபத்துச் செய்தி பரவிய அன்றே நூறு பேர் மருத்துவமனை வாயிலில் திரள்வது நம் மக்களின் நல்ல மனத்தைக் காட்டுகிறது. ஆனால் தீக்காய நோயாளிக்கு இரத்தம் மிகுதியாகத் தேவைப்படுவது தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சை தொடங்கும்போது. அதாவது அடுத்தடுத்த வாரங்களில். இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஐந்து ஆறு வாரங்களே கெடாமல் இருக்கும். ஓர் ஆண் மீண்டும் கொடுக்க மூன்று மாதமும், பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். எல்லோரும் முதல் நாளே கொடுத்துவிட்டால் மூன்றாம் வாரத்தில் கேட்கும் தாய்க்கு யார் கொடுப்பார்? வகைவாரியாகப் பட்டியலிட்டு, முறை வைத்துச் செல்வதே அறிவுடைமை.

வார்டுக்குள் கூட்டமாகச் செல்வதைப் பற்றியும் கூறவேண்டும். முதல் நாள் பிழைத்தவர் இரண்டாம் வாரத்தில் கிருமித் தொற்றால் மாள்வது தீக்காயத்தில் சாதாரணம். ஆறுதல் சொல்லச் செல்பவர் தம் செருப்பிலும் கையிலும் கிருமியைக் கொண்டு செல்கிறார். தொண்டரின் இடம் வார்டுக்கு வெளியே இருக்கிறது. தாழ்வாரத்தில் படுத்திருக்கும் உறவினருக்குச் சோறு, மாற்றுத் துணி, ஊருக்குப் பேச ஒரு கைப்பேசி, இழப்பீட்டு மனு எழுத ஒருவர், வீட்டில் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். நாளேடுகள் மறந்த பின்னரும் மாதக்கணக்கில் தொடரும் பணி இது. படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இருக்காது.

இன்றைய நிலை

விபத்துகள் நின்றபாடில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர், 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர், 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே பத்துப் பேர், 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் எட்டுப் பேருக்குக் குறையாமல் என எண்ணிக்கை நீள்கிறது. விதிகளை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. அதனைத் தொண்டர்கள் ஈடுசெய்ய இயலாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இம்மலரின் வரவு செலவுப் பக்கங்களைப் பார்ப்போர் பைத்துல்மாலின் அளவை அறிவர். ஆம்புலன்ஸ் வாங்கும் வசதி நமக்கு இப்போது இல்லை. வாங்கினாலும் ஓட்டுநரும் பராமரிப்பும் பெருஞ்செலவு. 108 இருக்கையில் அது முதல் தேவையும் அன்று. இரத்த வகைப் பட்டியலில் ஒவ்வொருவரும் கடைசியாகக் கொடுத்த தேதியோடு பெயரைப் பதிவு செய்வதும், தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து இளைஞர்களுக்கு வகுப்பு நடத்துவதும், தூய வெள்ளைத் துணிகளும் எழுதுதாளும் பேனாவும் அடங்கிய பை ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் எப்போதும் தயாராக வைப்பதும் நம் சக்திக்கு உட்பட்டவை. பை வைக்க இடம் ஸந்தூக்கு இருக்கும் அறையிலேயே உள்ளது.

முன்பெல்லாம் பலத்த தீக்காயம் என்றால் எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. இன்று சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இயங்குகிறது. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சிவகாசியிலிருந்து அது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். உறவினர் மதுரைத் தாழ்வாரத்தில் காத்திருந்த காலம் போய், இனி விருதுநகர்த் தாழ்வாரத்திலும் காத்திருப்பார்கள். அங்கே இரவுச் சோறு கொண்டு செல்லும் முறைப்பட்டியலுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், ஜும்ஆவிற்குப் பின்னர் அலுவலகத்தில் செயலாளரைச் சந்திக்கலாம்.